எல்லோர் பெயரும்

ரெண்டல் தோணியின் விளிம்பில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். முதுகில் காற்று உருளை. பின்னால் துடுப்போடு ஓட்டிஸ் காத்திருந்தான். ரெண்டலின் மனைவிக்கு அண்ணன் அவன். மொஸ்கீத்தியாக் கரையில் சிங்கி இறாலுக்கு முங்குகிறவர்கள், துடுப்புப் பிடிக்கச் சொந்தத்தில்தான் ஆள் தேடுவார்கள்.

முதல் முங்கலுக்கு முன் ரெண்டல் வீட்டு ஆட்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வான். ஒரு பெயருக்கு ஒரு மூச்சு. கடலில் இறந்துபோன அப்பாவில் தொடங்கி, இன்னும் நடக்கப் பழகாத மகள் நெல்டாவில் முடிப்பான். அதன்பிறகுதான் முகமூடியை மாட்டுவான். "என் பேரு மாமியாருக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று ஓட்டிஸ் ஆரம்பத்தில் கிண்டல் செய்ததுண்டு. நடுவில் யாராவது பேசினால் ரெண்டல் மறுபடி அப்பாவிலிருந்து தொடங்குவான். அதனாலேயே ஓட்டிஸ் வாயை மூடிக்கொண்டான்.

தோணிகளை ஏற்றி வந்த கப்பலிலிருந்து கேப்டன் டெல்வின் கத்தினார். "அங்க என்ன ஜெபக்கூட்டமா? மத்தவனெல்லாம் முங்கி ஏறியாச்சு."

ரெண்டல் காதில் வாங்காமல் கடைசிப் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் இறங்கினான்.

ஆழம் குறைந்த இடங்களில் இறால் தீர்ந்துபோய் வெகுநாளாயிற்று. இப்போது பவளப்பாறை சரிந்து இறங்கும் கருநீலத்துக்குள் போகவேண்டும். உருளையில் எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டும் முள் எதுவும் கப்பலில் கிடையாது. மூச்சு இழுக்க முடியாமல் போகும்போது ஏறவேண்டியதுதான். ஒன்று தீர்ந்ததும் அடுத்தது என்று மத்தியானத்தையும் தாண்டி முங்கிக்கொண்டே இருந்தான்.

கடைசியாக அவன் ஏறியது சரியாக இல்லை. தலை வெளியே வந்த வேகத்தைப் பார்த்து ஓட்டிஸ் துடுப்பைக் கீழே போட்டான். கை கொடுத்துத் தூக்கினான். "கீழ நெறைய கெடக்கு மச்சான்" என்று ரெண்டல் சிரித்தான். பிறகு தோள் வலிக்கிறது என்றான். கொஞ்ச நேரத்தில் காலைத் தேய்த்துவிடச் சொன்னான். ஓட்டிஸ் தொடையை அழுத்தித் தேய்த்தான், நகம் பதியக் கிள்ளினான்.

"தேய்க்கச் சொன்னா ஏன் சும்மா இருக்கே?" என்றான் ரெண்டல்.

ஓட்டிஸ் கப்பலை நோக்கித் துடுப்புப் போட்டான்.

கேப்டன் வந்து குனிந்து பார்த்தார். இறாலுக்கெல்லாம் சொந்தக்காரியான கடல்பொம்பளை பிடித்துவிட்டாள், அவளுக்குச் செய்யவேண்டியதில் இவன் ஏதோ குறை வைத்திருக்கிறான் என்றார். ஊருக்குத் திருப்பச் சொல்லி ஓட்டிஸ் கெஞ்சினான். ஆஸ்பத்திரியில், வேகமாக ஏறுவதால் ரத்தத்தில் கட்டும் காற்றுக்குமிழைக் கரைக்கும் அழுத்த அறையில் உடனே வைத்தால் நடக்க வாய்ப்பிருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். பெட்டிகள் நிறையாமல் திரும்பினால் முதலாளிக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டுவிட்டு கேப்டன் மேலே போனார். மற்ற தோணிகள் மறுபடி கிளம்பின.

தார்ப்பாயின் நிழலில் ரெண்டல் மல்லாந்து கிடந்தான். வயிறு உப்பியிருந்தது. சிறுநீர் இறங்கவில்லை.

"மச்சான், காலையில நீ பக்கத்துலதானே இருந்தே. யாரு பேரையாவது விட்டுட்டனா?"

ஓட்டிஸ் ஒவ்வொரு பெயரையும் கேட்டிருந்தான்.

"யாரையும் விடல, மாப்ளே."

"நல்லா நெனச்சுப் பாரு."

"விடலடா."

ரெண்டல் கண்ணை மூடினான். விட்டிருந்தால்கூட மனசுக்கு ஒரு பிடிப்பு இருந்திருக்கும் என்பதுபோல முகம் சுருங்கிக் கிடந்தது.

பெட்டிகள் நிறைந்த பிறகுதான் கப்பல் திரும்பியது. துறையில் குளிர்சாதன லாரி இன்ஜினை நிறுத்தாமல் நின்றிருந்தது. இறங்குவதற்கு இருந்தது ஒரே பலகை. ஓட்டிஸ் ரெண்டலை முதுகில் தூக்கப் பார்த்தான். சுமைகாரர்கள் அவனை ஓரமாக நிற்கச் சொன்னார்கள், சரக்கு கெட்டுவிடுமாம். பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டமும் நடையுமாக இறங்கின. அவற்றிலிருந்து சொட்டிய ஐஸ் தண்ணீர் தளத்தில் வழிந்து வந்து ரெண்டலின் கால்களுக்கு அடியில் தேங்கியது. அவன் லாரியையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.