ஆஹ்ரன்ஸ் படித்த உத்தரவு

காலை ஏழு மணிக்கு மூன்று போலீஸ்காரர்கள் கதவைத் தட்டினார்கள். என் பின்னறையில் வாடகைக்கு இருக்கும் யானிக் திருட்டுக் கேமராக்களை ஒளித்து வைத்திருப்பதாகச் சந்தேகமாம். அவன் வேலைக்குப் போயிருந்தான். நீதிபதியின் உத்தரவை என்னிடம் நீட்டினார்கள். வாங்கிப் பார்த்தேன்; ஒரு வரிகூட என் மண்டையில் ஏறவில்லை.

நீதிபதி உடன் வராததால் சாட்சிக்கு வெளியாட்கள் இருவர் வேண்டும் என்று எதிர்வீட்டு ஆஹ்ரன்ஸையும் அவர் மனைவியையும் அழைத்தார்கள். படிக்கட்டில் சைக்கிள் நிறுத்தும் தகராறில் நான்கு வருடமாக அவர்களோடு எனக்குப் பேச்சில்லை. வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

பின்னறையில் ஒன்றும் கிடைக்கவில்லை. உடனே ஒரு போலீஸ்காரர் என் படுக்கையறைக்குள் போய் அலமாரியைத் திறந்தார். இறந்துபோன என் கணவரின் கடிதங்கள் அதில்தான் இருந்தன.

“கொஞ்சம் நில்லுங்க,” என்றார் ஆஹ்ரன்ஸ். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உத்தரவை வாங்கிப் படித்தார். “பின்னறைன்னுதானே போட்டிருக்கு? இந்தம்மா ரூம் இதுல எங்க இருக்கு, காட்டுங்க.”

“சும்மா ஒரு பார்வைதான் சார்.”

“அதுக்குத் தனியா உத்தரவு வாங்கிட்டு வாங்க. இல்லன்னா இதையும் உங்க அறிக்கையில எழுதிட்டுத்தான் சாட்சிக் கையெழுத்துப் போடுவேன்.”

தலைமை அதிகாரி தாளைப் பார்த்தார். “அவர் சொல்றது சரி. மூடுப்பா,” என்றவர், என்னிடம் மன்னிப்பும் கேட்டார்.

போலீஸ்காரர்கள் போனதும் அலமாரி முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

“வீட்ல குத்தம் கண்டுபிடிக்கிற வாய், இன்னிக்காவது உருப்படியா ஒண்ணு செஞ்சுது,” என்றார் ஆஹ்ரன்ஸின் மனைவி.

அழுகையோடு சிரித்துவிட்டேன். “ரொம்ப நன்றிங்க,” என்று இருவர் கையையும் பிடித்துக்கொண்டேன். காபி குடிக்காமல் அவர்களைப் போக விடவில்லை.