ஒன்பதாவது கட்டம்: இருநூறு சொற்களுக்கு மிகாமல்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. ஒரு விண்ணப்பத்தின் ஒன்பதாவது கட்டத்தில் உதித்தது.

ஒரகடம் கூட்டு ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில், கல்லூரி விட்ட மதியங்களில், மற்றவர்களின் படிவங்களை நிரப்புகிறேன். பெயர், தந்தை பெயர், பின்கோடு. இலக்கியத்துக்கு இடமே இல்லாத வேலை. அதனால் நிம்மதியான வேலை.

பத்து நாள் முன்பு சந்தனமாரி வந்தார். வயது முப்பத்தொன்று. சங்கரன்கோவில் பக்கம். ஏ.என்.எம். நர்சிங் படித்தவர். வல்லம் வடகாலில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் முதலுதவி அறையில் கிட்டத்தட்ட மூன்று வருடமாக நர்ஸ். அவருடைய நர்சிங் பதிவு இந்த மே முப்பத்தொன்றோடு முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் அந்த அறை நாற்காலியில் வேறொருவர் உட்காருவார்.

ஒன்பதாவது கட்டம் சொன்னது: ‘தற்போதைய பணியிடத்தில் நீங்கள் செய்த செவிலியர் பணியை இருநூறு சொற்களுக்கு மிகாமல் விவரிக்கவும். ஆதாரம் இணைக்கவும்.’

(உண்மையான படிவத்தில் இப்படி ஒரு கட்டம் இருக்கிறதா என்று தேடாதீர்கள். நான் சேர்த்தது. ஆக, இந்தக் கதையின் முதல் வரியே பொய். தொடரலாம்.)

“நீயே நல்லா எழுதிரு தம்பி,” என்றார். “நான் எழுதுனா ரிஜிஸ்டர் மாதிரி இருக்கும்.”

2

முதல் தொடக்கம்: ‘வல்லம் வடகாலில் மழை வெளுத்து வாங்கிய ஒரு மாலையில்…’

மழை இல்லை. மே மாதம். வெட்டினேன்.

இரண்டாம் தொடக்கம்: ‘வெள்ளுடை தரித்த அந்தத் தேவதையின் கண்களில்…’

சந்தனமாரி திரையைப் பார்த்துப் படித்தார். அவர் சீருடை நீலம். “கண்ணுல என்ன? தூக்கமா? ரெண்டு ஷிப்ட் சேத்துப் பாத்தா எல்லாத்துக்கும் அதான் இருக்கும்.” வெட்டினேன்.

மூன்றாவது முறை, புத்திசாலியாக, ஆதாரத்திலிருந்து தொடங்கலாம் என்று கேட்டேன். முதலுதவி அறையின் ரிஜிஸ்டரை அவர் போனில் படம் எடுத்து வைத்திருந்தார். பக்கம் பக்கமாகத் தள்ளினேன். தலைவலி, மாத்திரை ஒன்று. தலைவலி, மாத்திரை ஒன்று. லேசான காய்ச்சல். தலைவலி.

“இன்னாக்கா இது? உங்க கம்பெனில யாருக்கும் கழுத்துக்குக் கீழ உடம்பே கிடையாதா?”

அவர் சிரிக்கவில்லை.

“கைய வெட்டிக்கிட்டு வருவானுவ. சூடு பட்டு வருவானுவ. கட்டுப் போட்டு அனுப்பிட்டு, தலைவலின்னு எழுதுவேன்.”

“யாரு அப்டி எழுதச் சொன்னது?”

“யாரும் சொல்லல. அதான தம்பி கஷ்டம்.”

3

இங்கே ஒரு விளக்கம் தேவை. கட்டுரை போலத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொழிற்சாலை வாசலில் ஒரு பலகை: ‘விபத்தில்லா நாட்கள்’. தினமும் ஒன்று கூடும். காயம் என்று ஒன்று பதிவானால் மறுபடி பூஜ்யம். சந்தனமாரி சேர்ந்த வாரம்தான் அதை மாட்டினார்கள். ஐந்நூறு நாளுக்கு ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில். ஆயிரத்துக்கு மூன்றடுக்கு ஹாட்பாக்ஸ்.

முதலில் வந்தவன் உள்ளங்கையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறான். “எக்கா, தலைவலின்னே போடுங்க. என்னால போர்டு போச்சுன்னா லைன்ல பயலுவ என்னச் சோறு திங்க விடமாட்டானுவ.” போட்டார்.

“மொத நாளு எழுத்தெல்லாம் கோணிக்கிட்டுப் போச்சு,” என்றார் என்னிடம். “பெறவு கையெழுத்து அழகாயிட்டு. பாட்டிலு எனக்கும் குடுத்தாவ. வாங்கிக்கிட்டேன்.”

(கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். எச்.ஆர். ஸ்ரீதரை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். அவருக்குச் சைனஸ். எதிரில் வருகிற எல்லாரையும் ‘சாப்ட்டீங்களா’ என்று கேட்பாராம். ஒரு பத்தி முழுக்க முயன்றேன். மனிதர் வில்லனாக மறுக்கிறார்.)

4

அந்த ஸ்ரீதருக்கு எங்கள் கவுன்டரிலிருந்தே போன் போட்டார், ஸ்பீக்கரில்.

“சார், நான் டிரெஸ்ஸிங் பண்ணது, கட்டுப் போட்டது எல்லாம் சேத்து ஒரு லெட்டர் வேணும். ரினியூவலுக்கு.”

“ரிஜிஸ்டர்ல இன்னா கீதோ அதான சிஸ்டர் நான் எழுத முடியும்? நாளைக்கு ஆடிட் வந்தா யாரு பதில் சொல்றது? சாப்ட்டீங்களா?”

பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் லெட்டர் வந்தது. நேர்மையான கடிதம். தலைவலிக்கு உரிய நேரத்தில் மாத்திரை வழங்குவதில் இவர் சிறந்து விளங்கினார் என்றிருந்தது.

“விடுக்கா,” என்றேன். “நான் நாலு பத்தி அட்ச்சு வுட்றேன். பொய்ய எழுதறதுதான என் வேலை.”

“பொய்யி எழுத உன் தொண எதுக்கு தம்பி? அதுல எனக்கு மூணு வருச அனுபவம்.”

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது விரல் தவறி இன்னொரு படம் திறந்தது. மாதாமாதம் அவர் மருந்து கேட்டு எழுதும் சீட்டு. பேண்டேஜ் சுருள் அறுபது. தீக்காயக் களிம்பு இருபது டியூப். தலைவலி மாத்திரை ஓர் அட்டை. கீழே ஸ்ரீதரின் கையெழுத்து. இப்படி முப்பத்திரண்டு சீட்டு.

போனை மறுபடி வாங்கி, ரிஜிஸ்டர் படங்களையும் சீட்டுகளையும் மாற்றி மாற்றித் தள்ளிப் பார்த்தேன்.

ரிஜிஸ்டரை மட்டும் இணைத்தால் அவர் நர்ஸ் வேலையே பார்க்கவில்லை. சீட்டுகளையும் இணைத்தால் பார்த்திருக்கிறார். கூடவே, மூன்று வருடம் தன் கையாலேயே பொய்ப் பதிவு எழுதியிருக்கிறார். முதலாவதில் தகுதி இல்லை என்பார்கள். இரண்டாவதில் தகுதி இருக்கிறது, அதனாலேயே

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு வரவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

5

முடிவு அ: தொழிலாளர்கள் திரண்டு வந்து தழும்பேறிய கைகளை நீட்ட, அதிகாரி கண்கலங்குகிறார். (அவர்களுக்கு யார் லீவு கொடுப்பது? வெட்டினேன்.)

முடிவு ஆ: எல்லாவற்றையும் உதறிவிட்டு அவர் ஊருக்கே திரும்புகிறார்.

“என்னய ஏன் ஊருக்கு அனுப்புத?” என்றார் படித்துவிட்டு. “அங்க வெயிலு இதவிட சாஸ்தி. நான் படிச்சது இந்த ஒரு படிப்பு. இத வச்சுத்தான் என்னய சிஸ்டர்ங்கான். இது போச்சுன்னா நான் யாரு?”

கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். ஒற்றை விரலால், எழுத்தெழுத்தாகத் தேடித் தேடி, ஒன்பதாவது கட்டத்தில் அடித்தார்:

‘காயங்களுக்குக் கட்டுப் போட்டேன். தலைவலி என்று எழுதினேன். இரண்டையும் செய்தது நான்தான்.’

“இருநூறு வார்த்தை கேட்டுருக்கான்க்கா.”

“மிகாமன்னுதான போட்டிருக்கு?”

ரிஜிஸ்டரையும் சீட்டுகளையும் சேர்த்தே இணைக்கச் சொன்னார். அனுப்பும் பொத்தானை அவரே அழுத்தினார். வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. பி ஷிப்டுக்கு ஓடினார்.

6

மறுநாள் ரசீது வாங்க வந்தபோது சொன்னது இது. நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

அன்று மாலையே இசக்கிதுரை என்று ஒரு பையன் விரலைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான். பலகையில் 988.

“எக்கா, பன்னெண்டு நாளுதான். ஒங்களுக்கும் ஹாட்பாக்ஸ் உண்டுல்லா?”

கட்டுப் போட்டுவிட்டு எழுதியிருக்கிறார்: வெட்டுக்காயம், வலது கை ஆள்காட்டி விரல்.

பலகை பூஜ்யமானது. ஸ்ரீதர் திட்டவில்லை, சாப்பிட்டீர்களா என்று கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டார். திரும்பும்போது பஸ்ஸில் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை.

“அழுதீங்களாக்கா?” என்று கேட்டேன். ஒரு பத்திக்கு உதவும்.

“ரெண்டு சீட்டுலயும் கால நீட்டித் தூங்கிட்டேன்.”

7

இனி நான் எழுத ஒன்றுமில்லை. படிவம் பத்து நாளாக ‘பரிசீலனையில்’ இருக்கிறது.

கவனித்திருப்பீர்கள்: அதைப் பரிசீலிக்கும் அதிகாரிக்கு நான் பெயர் வைக்கவில்லை, முகம் வைக்கவில்லை, சைனஸ்கூட வைக்கவில்லை. அந்த நாற்காலி உங்களுக்கு. படிக்க வேண்டியதையெல்லாம் படித்துவிட்டீர்கள். ரிஜிஸ்டர் இருக்கிறது, சீட்டுகள் இருக்கின்றன, அவர் அடித்த மூன்று வரி இருக்கிறது. ‘ஏற்கப்பட்டது’, ‘நிராகரிக்கப்பட்டது’. இரண்டில் ஒன்று. மூன்றாவது பொத்தான் வைக்கலாமா என்று யோசித்தேன். நீங்கள் அதைத்தான் அழுத்துவீர்கள் என்பதால் வைக்கவில்லை.

இன்று தேதி இருபத்தெட்டு. தினமும் ஷிப்டுக்குப் போகிற வழியில் வாசலில் நின்று கேட்கிறார்.

“ஆச்சா தம்பி?”

நீங்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லிவைத்திருக்கிறேன்.