பித்தளைத் திருகு

கம்ப்யூட்டருக்குள் இருந்த கார்டு வெடித்தது ஒரு மதிய வேளையில். ஊசிப்பட்டாசு ஒன்று வெடித்த மாதிரி சின்னச் சத்தம், கொஞ்சம் கருகல் வாடை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு கிளெமென்டுக்குக் குரல் இல்லை.

தொண்டையில் புற்று வந்து குரல்வளையை எடுத்தபோது அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. தொழிற்சாலையில் ஃபோர்மேன், நூறு பேரை அதட்டிப் பழகியவர். ஆஸ்திரேலியாவில் இருந்த தம்பி கில்பர்ட் அந்தக் கார்டை வாங்கி வந்து கம்ப்யூட்டருக்குள் பொருத்திக் கொடுத்தார். தட்டச்சு செய்ததை அது உரக்கப் படிக்கும். மகள் நிக்கோல் பிறந்ததிலிருந்து கேட்ட அப்பாவின் குரல் அதுதான்: மூக்கடைத்த அமெரிக்கன் ஒருவன் தமிழ் பேசுகிற குரல். 'சாப்பாடு' என்பதை அது சரியாகச் சொல்ல ஆங்கிலத்தில் எந்த எழுத்தையெல்லாம் சேர்க்க வேண்டும் என்று அவர் வருடக்கணக்காகத் தேடிக் கண்டுபிடித்து வைத்திருந்தார். போனில் தமிழ் பேசும் ஆப் ஒன்றை நிக்கோல் ஏற்றிக் கொடுத்தாள். ஒரு தடவை கேட்டுவிட்டு, 'இவன் எவனோ நியூஸ் வாசிக்கிறவன். நான் இல்லை' என்று எழுதிக் காட்டினார். அந்தக் கார்டு புதிய கம்ப்யூட்டர் எதிலும் நுழையாது. ஆகவே பிரேசர் டவுன் வீட்டு ஹாலில் அந்தப் பழைய கம்ப்யூட்டரும் அப்படியே இருந்தது.

அடிக்கடி சொல்கிற வார்த்தைகளுக்குத் தனித்தனியாக ஒரு பொத்தான். F1 அழுத்தினால் 'கேத்தரின்.' F2 அழுத்தினால் 'எங்கே போனாய்?' F3 அழுத்தினால் 'பொய்.' மற்றப் பொத்தான்களில் எழுத்து இன்னும் தெரிந்தது. F3 மட்டும் தேய்ந்து வழவழப்பாகியிருந்தது.

மனைவி கேத்தரின் பால் வாங்கி வந்தாலும், தன் அக்கா பிரிஸில்லாவைப் பார்க்கத் தொம்மலூருக்குப் போய் வந்தாலும், கோயில் கொயரில் பாடிவிட்டு வந்தாலும் வாசலிலேயே அந்த மூன்று பொத்தான்களும் வரிசையாக ஒலிக்கும். ஜன்னல் கம்பி அதிரும் அளவுக்குச் சத்தம். தெருப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு "காத்-ரீன்... பொய்" என்று சொல்லி விளையாடுவார்கள். கேத்தரின் முதலில் கொயரை விட்டாள். பிறகு தொம்மலூரை விட்டாள்.

கார்டு வெடித்த வாரக் கடைசியில் எலெக்ட்ரானிக் சிட்டி பி.ஜி. விடுதியிலிருந்து நிக்கோல் வீட்டுக்கு வந்தாள். சர்க்யூட் போர்டுகளைச் சோதிப்பதுதான் அவளுடைய வேலை. படியேறும்போது மாடி வீட்டுப் பையன் டேரில், மம்மியிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"என்ன ஆன்ட்டி, அங்கிளோட ரேடியோ ஸ்டேஷன் ஆஃபா? வீடே சைலன்ட்டா இருக்கு."

"ஏன், நீ வேணா வந்து பேசேன். கேத்தரின்னு கத்த ஒரு ஆள் குறையுது" என்றாள் மம்மி. டேரில் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனான். மம்மியும் சிரித்தாள். அவள் வெளியே நின்று சிரிப்பதை நிக்கோல் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது.

கார்டைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் வைத்து டார்ச் அடித்துப் பார்த்தாள். பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. ஓரத்தில் துவரம்பருப்பு அளவில் மஞ்சள் மணிகள் சில வரிசையாக இருந்தன. மின்சாரத்தைத் தேக்கித் தரும் டான்டலம் கெபாசிட்டர்கள். அவற்றில் ஒன்று மட்டும் பிளந்து கருகியிருந்தது. வேறு எதற்கும் ஒன்றுமில்லை. ஒரு டீயின் விலைகூட ஆகாது; மாற்றப் பத்து நிமிஷம் போதும்.

டாடி எதிரே நாற்காலியில் கைகளைத் தொடை மேல் வைத்துக்கொண்டு, டாக்டர் முன்னால் உட்கார்ந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். சமையலறையில் மம்மி ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பாதியில் வார்த்தை மறந்துபோய், முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

"பெரிய சிப் போயிடுச்சு டாடி" என்றாள் நிக்கோல். "காப்பியடிப்பாங்கன்னு கம்பெனிக்காரனே மேல இருக்கிற நம்பரைத் தேய்ச்சு எடுத்திருக்கான் பாருங்க. என்ன சிப்னே தெரியாம எங்கன்னு தேடுறது?"

நம்பர் தேய்த்திருந்தது உண்மை. சிப் போனது உண்மையில்லை.

அவர் அவளையே பார்த்தார். பிறகு எழுந்து கம்ப்யூட்டரிடம் போய் F3ஐ அழுத்தினார். பொத்தானின் கிளிக் மட்டும் கேட்டது.

அதன் பிறகு அவர் வாட்ஸ்அப்பில் எழுதினார். கேத்தரின் போனை அரிசி டின் மேல் வைத்துவிட்டு மறந்துபோவாள். கொயருக்குத் திரும்பிப் போனாள். நன்றாகத் தூங்கினாள். அடுத்த வாரம் நிக்கோல் வந்தபோது முகம்கூடக் கொஞ்சம் தெளிந்திருந்தது. ஆனால் அன்று காப்பியை நீட்டும்போது அவள் மெதுவாகச் சொன்னாள்:

"புதன்கிழமை உங்க டாடிக்கு நெஞ்சை அடைச்சுடுச்சு கண்ணு. கேஸ்தான், ஒண்ணுமில்ல. ஆனா கூப்பிட முடியல பாரு. ஸ்பூனால தட்டைத் தட்டிக்கிட்டே இருந்திருக்காரு. நான் பாடிக்கிட்டு இருந்தேன். பூனை ஏதோ உருட்டுதுன்னு நினைச்சு, போன்னு அதட்டினேன்."

நிக்கோல் காப்பியைக் குடிக்கவில்லை. ஆனாலும் அன்றைக்கும் அவள் உண்மையைச் சொல்லவில்லை.

சொன்னது வேறு யாரோ. பழைய கம்ப்யூட்டர் கார்டுகளைப் பற்றிப் பேசிக்கொள்கிற இணையக் குழு ஒன்றைக் கிளெமென்ட் தானாகவே தேடிப் பிடித்திருந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் கார்டைப் படமெடுத்து, 'இதில் எது என்ன? இது என் குரல்' என்று ஆங்கிலத்தில் எழுதிப் போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்து வந்ததும், போனை நிக்கோலின் கையில் கொடுத்தார். பின்னாலிருந்து மம்மியும் எட்டிப் பார்த்தாள்.

போலந்திலிருந்து ஒருவரும் பிரேசிலிலிருந்து ஒரு பெண்ணும் இரவெல்லாம் உட்கார்ந்து வேலை செய்தது தெரிந்தது. படத்தின் மேல் வண்ண வண்ண வட்டங்கள். இந்த வெள்ளித் தகரப் பெட்டி தாளத்தைக் கொடுக்கும் படிகம். இந்தச் சிப்பில்தான் ஒலிகள் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. நம்பர் தேய்த்த இது அனேகமாகப் பேசும் சிப், நன்றாகத்தான் இருக்கிறது. உலோக முதுகோடு நிற்பது சத்தத்தைப் பெருக்குவது. அதன் பக்கத்தில் பித்தளைத் திருகு வைத்த இந்த நீலப் பெட்டி, சத்தம் எவ்வளவு என்பதை முடிவு செய்வது. கடைசியில், மஞ்சள் மணியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். இதுதான் செத்தது. புதிது போடும்போது கவனம்: கோடு போட்ட கால்தான் பிளஸ். மற்ற வகைக் கெபாசிட்டரில் கோடு மைனஸ் என்பதால், எல்லோரும் இங்கேதான் தப்பு செய்வார்கள். மாற்றிப் போட்டால் மறுபடி வெடிக்கும்.

முகம் தெரியாத யாரோ, வேறெங்கோ விளக்கைப் போட்டுக்கொண்டு, இந்த வீட்டுக்கு நல்லது நினைத்திருக்கிறார்கள். நிக்கோலுக்கு அவர்கள் மேல் கோபம் வந்தது. கூடவே வெட்கமும் வந்தது.

டாடி போனை வாங்கி அதில் எழுதிக் காட்டினார். 'தினம் இதுதானே உன் வேலை. உனக்குத் தெரியலையா?'

"தெரிஞ்சுது" என்றாள்.

அவர் தலையாட்டினார். கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு, கறி வாங்கப் படியிறங்கிப் போனார்.

என்றாவது இது நடக்கும் என்று தெரிந்ததாலோ என்னவோ, எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கிய மஞ்சள் மணி ஒன்று ஏற்கெனவே அவள் பர்ஸில் கிடந்தது. சாலிடரிங் அயனைச் சூடாக்கி, செத்த மணியை எடுத்தாள். மம்மி கேட்காமலே வந்து டார்ச்சைப் பிடித்தாள். புதிய மணியைக் குறட்டால் பிடித்து நிக்கோல் துளைகளுக்கு மேல் வைத்திருந்தாள். வைத்தபடியே இருந்தாள்.

"என்ன?" என்றாள் மம்மி.

"ஒண்ணுமில்ல."

"எந்தப் பக்கம் போட்டா மறுபடி எரியும்?"

நிக்கோல் நிமிர்ந்து பார்த்தாள். மம்மி டார்ச் வெளிச்சத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இப்படி" என்று மணியைத் திருப்பிக் காட்டினாள். "எல்லாரும் பண்ற தப்புதான். யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க மம்மி."

தெருவில் யாரோ வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை.

"சரியாவே போடு" என்றாள் மம்மி. "இன்னொரு தடவை அந்தத் தட்டுச் சத்தம் என்னால கேக்க முடியாது. பூனைன்னு நினைச்சேன் பாரு."

நிக்கோல் கோடு போட்ட காலைப் பிளஸ் பக்கம் இறக்கி ஈயம் வைத்தாள். மெல்லிய புகை எழுந்து அடங்கியது.

"இதுல சத்தம் எது?" என்றாள் மம்மி.

"எது?"

"அந்தாளு வட்டம் போட்டிருந்தானே, சத்தம் எவ்வளவுன்னு முடிவு பண்றது. எது அது?"

நிக்கோல் நீலப் பெட்டியைத் தொட்டுக் காட்டினாள். மம்மி எழுந்துபோய்த் தையல் மெஷின் டிராயரிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்து வந்தாள். நூல் கோக்கும்போது வைப்பதுபோல் முகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பித்தளைத் திருகைத் திருப்பினாள். நின்று யோசித்து, இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.

"போதும். மாட்டு."

கிளெமென்ட் திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கறிப் பையைக் கீழே வைக்காமலே F1ஐ அழுத்தினார்.

'கேத்தரின்' என்றது குரல். பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் பேசுகிற சத்தம். ஜன்னல் கம்பி சும்மா இருந்தது. அவர் ஸ்பீக்கர் வயரை இழுத்துப் பார்த்தார். அதன் குமிழைக் கடைசிவரை திருகினார். மறுபடி அழுத்தினார். அதே சத்தம். உட்கார்ந்து வேகமாகத் தட்டினார்.

'யார் குறைச்சது?'

"நான்தான்" என்றாள் கேத்தரின்.

அவர் விரல் பழக்கத்தில் F3 மேல் போய் நின்றது. அழுத்தவில்லை. அவள் சொன்னது பொய்யில்லை.

கேத்தரின் கையிலிருந்த திருப்புளியைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எது அந்தத் திருகுன்னு உங்களுக்கே தெரியும். திருப்பிக்கணும்னா திருப்பிக்குங்க. நான் தடுக்க மாட்டேன். ஆனா திருப்பினா, அன்னைக்கே நான் தொம்மலூருக்கு அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். எங்கே போனேன்னு நீங்க அழுத்திக் கேக்க வேண்டியதில்லை, இப்பவே சொல்லிட்டேன்."

கறிப் பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. கிளெமென்ட் திருப்புளியைப் பார்த்தார். பிறகு நிக்கோலைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, மேசையில் கிடந்த கருகின மணியை விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்து அவர் தட்டச்சு செய்வது கேட்டது. குரல் ஏதோ சொன்னது. ஆனால் குழாய் சத்தத்தில் அது சமையலறைக்கு எட்டவில்லை.

"என்ன சொல்றாரு?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் கேத்தரின்.

அவர் சொல்ல வேண்டியதைத் தானே சொல்லிவிடக்கூடாது என்று நிக்கோல் மணியை உருட்டிக்கொண்டே இருந்தாள். திருப்புளி வைத்த இடத்திலேயே இருந்தது. கிளெமென்ட் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, சமையலறை வாசல்வரை போய், உள்ளே போவதா வேண்டாமா என்று தெரியாதவர் மாதிரி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.