வக்கீல் மேல் போட்ட பழி

அழைப்பு மணி அடித்தபோது டீச்சர் மேஜை விரிப்பை இன்னொரு தடவை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். நிறைய மாத்திரை சாப்பிடுகிறவர்களின் வீட்டுக்கே மருந்தாளுநர் வந்து எல்லாவற்றையும் சரிபார்ப்பார் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்த நாள் முதல் வீட்டில் ஒரே அமர்க்களம். வகுப்பறைக்கு இன்ஸ்பெக்டர் வரும்போதெல்லாம் படபடத்த நெஞ்சு, ஓய்வு பெற்ற பிறகும் பழக்கத்தை விடவில்லை. அட்டைகள் காலை, மதியம், இரவு என்று வரிசை கட்டியிருந்தன. பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். முழு மதிப்பெண் வாங்காமல் விடுவதில்லை என்ற தீர்மானம்.

ஒரே ஒரு இடம்தான் உதைத்தது. இருமல்.

டீச்சரின் கணவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற கையோடு ஒரு கிளி வாங்கி வந்தார். ஓயாத பேச்சு என்பதால் அதற்கு வக்கீல் என்று பெயர். வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் "முன்னாடி போ, முன்னாடி போ" என்று விரட்டும். அது வந்த கொஞ்ச நாளில் டீச்சருக்கு வறட்டு இருமல் பிடித்துக்கொண்டது. இருமினால் போதும், கண்டக்டர் எங்கிருந்தாலும் தண்ணீரோடு வந்து "குடி டீச்சர்" என்பார். கடைசியில் டீச்சர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: எல்லாம் இறகுத் தூசி. நானா, கிளியா? வக்கீல் நாத்தனார் வீட்டுக்குப் போனது. கண்டக்டர் ஒரு வார்த்தை எதிர்க்கவில்லை. அதற்கப்புறம் டீச்சர் என்று கூப்பிடவும் இல்லை.

கிளி போயும் இருமல் போகவில்லை. அதைச் சொல்ல டீச்சருக்கு வாய் வருமா? போர்டில் தப்பாகப் போட்ட கணக்கைக்கூட "உங்களைச் சோதிச்சேன்" என்று சமாளித்தவர். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு இருமினார். இருமல் மருந்து சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

வந்தவள் சின்னப் பெண். ஒவ்வொரு அட்டையையும் கையில் எடுத்து, எதற்கு, எப்போது, சாப்பிட்டால் எப்படி இருக்கிறது என்று நிதானமாகக் கேட்டாள். ஆஸ்பத்திரியில் இப்படி உட்கார வைத்து யார் கேட்டார்கள்? டீச்சருக்கு உற்சாகம் தாங்கவில்லை. கேட்டதற்கு மேலேயே ஒப்பித்தார். கண்டக்டர் ஜன்னலோரம் பேப்பருக்குள் இருந்தார்.

"கடையில நீங்களா வாங்கிச் சாப்பிடற மருந்து ஏதாவது இருக்காம்மா?"

"சேச்சே. எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது."

சொல்லி வாய் மூடவில்லை, தொண்டையில் அது ஊர ஆரம்பித்தது. டீச்சர் உதட்டைக் கடித்தார். மூச்சைப் பிடித்தார். கண்ணில் நீர் முட்டியது. அத்தனை நாள் அடக்கியதெல்லாம் சேர்ந்து வெடித்தது. இரண்டு குட்டை இருமல், ஒரு நீள இருமல். பேப்பர் மெல்லத் தாழ்ந்தது.

"இது எத்தனை நாளாம்மா?"

கண்டக்டர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்றுதான் சளி பிடித்தது என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அந்த முகத்துக்கு முன்னால் பொய் வரவில்லை.

"நிக்கவே இல்லம்மா," என்றார் டீச்சர். "கிளி போனதுக்கு அப்புறமும்."

"எந்தக் கிளி?"

டீச்சர் எழுந்து போய் ஒளித்த பாட்டிலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ஒன்று விடாமல் சொன்னார். அந்தப் பெண் பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பினாள்.

"இது எப்ப ஆரம்பிச்சீங்க?"

"இவர் ரிட்டயரான சமயம். கிளி வந்த அதே மாசம்."

"இந்த மாத்திரை சில பேருக்கு வறட்டு இருமலைக் குடுக்கும்மா. உங்களுக்கும் இதுவாத்தான் இருக்கும்னு தோணுது. நீங்களா நிறுத்திடாதீங்க. இன்னைக்கே டாக்டர்கிட்ட பேசறேன், வேற மாத்தித் தருவாங்க."

"அப்போ கிளி?"

"கிளி பாவம்மா."

டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. தப்பு தன்னுடையது என்று தெரிந்ததில் இவ்வளவு சந்தோஷம் வரும் என்று யார் கண்டது? "ஏங்க, உங்க தங்கச்சிக்குப் போனைப் போடுங்க! இப்பவே!"

கண்டக்டர் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, போனை மேஜைமேல் வைத்தார்.

"வக்கீலா? அதை ஏன் அண்ணி கேக்கறீங்க," என்றாள் நாத்தனார். "வந்ததுலேர்ந்து முன்னாடி போன்னு ஒரு தடவைகூட சொல்லல. இருங்க, கூண்டுகிட்ட போறேன், நீங்களே பேசுங்க."

"வக்கீலு," என்றார் டீச்சர். "நான்தாண்டா."

அந்தப் பக்கம் சிறகு படபடத்தது. பிறகு இரண்டு குட்டை இருமல், ஒரு நீள இருமல். அச்சு அசல் டீச்சர்.

கண்டக்டரின் கை தானாக டம்ளரை எடுத்து நீட்டிவிட்டது. "குடி டீச்சர்" என்று வாயும் சொல்லிவிட்டது. மருந்தாளுநர் போனையும் டீச்சரின் மூடிய வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். டீச்சர் டம்ளரை வாங்கி, சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார்.