உள்ளானின் நெஞ்சில் துரு

“துப்பாக்கியோட இடது தகடு நான் செதுக்கினது. அதுலயும் அவ பேரா?”

“ஒரு துப்பாக்கிக்கு ஒரு கையெழுத்துதான், செவரினா,” என்றார் பட்டறை முதலாளி பாவுஸ்தினோ. “நீவெஸ் போடட்டும். கண்காட்சி முடிஞ்சதும் அடுத்தது உனக்கு.”

“போன வருஷமும் இதேதான் சொன்னீங்க முதலாளி.”

“போன வருஷம் நீ தொட்டுப் பார்த்த குழல் என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கா?”

பக்கத்து மேசையிலிருந்த நீவெஸ் சிரித்தாள். “விடுங்க முதலாளி. அவ புருஷன் இரும்புல செஞ்சவன் இல்ல, பொழச்சான். இல்லேன்னா இந்நேரம் உதிர்ந்தே போயிருப்பான்.”

செவரினாவும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் இன்னும் கேவலம்.

அவளுடையது துருக்கை என்பது கார்தோனே ஊர் முழுக்கத் தெரிந்த சங்கதி. சிலருடைய வியர்வை அப்படி. அவள் தொட்ட வெறும் இரும்பில் ஓரிரு நாளில் பழுப்பு ரேகை பூத்துவிடும். அதனால் கொளுத்தும் ஜூலையிலும் பருத்திக் கையுறையோடுதான் வேலை. நீவெஸோ வெறும் விரலால் தகட்டைத் தடவியே புள்ளியின் ஆழத்தைச் சொல்லிவிடுவாள். உலர்ந்த, குளிர்ந்த, எதையும் கெடுக்காத விரல்கள். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் செவரினா தன் கையுறையை இன்னும் இறுக்கி இழுத்துவிட்டுக்கொள்வாள்.

வெள்ளிக்கிழமை மாலை எல்லாரும் ஆற்றோரக் கடைக்கு மது குடிக்கப் போனார்கள். அவள் மட்டும் பின்தங்கினாள்.

நீவெஸின் தகட்டைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்தாள். காட்டு உள்ளான் பறவை ஒன்று பனியில் அமர்ந்திருந்தது. கோடே கிடையாது, எல்லாம் உளிமுனைப் புள்ளிகள். நெஞ்சின் இறகுகள் மூச்சில் அசைவது போலிருந்தது. செவரினாவின் தகட்டில் ஒரு வேட்டை நாய். நல்ல நாய். யாரும் குறை சொல்ல முடியாத நாய். அதுதான் அவளை அரித்தது.

செதுக்கி முடித்த பிறகுதான் உலையில் வைத்துக் கடினமாக்குவார்கள், மெருகிடுவார்கள். மெருகுக்குப் பிறகு உளி பட்டால், வெட்டிய இடம் வழியாகவே துரு நுழையும். ஆனால் அதுவரை எஃகு அம்மணம்தான். மெல்லிய எண்ணெய்ப் படலம் தவிர வேறு காவல் இல்லை. ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டிக் கிண்ணம். அதில் தங்கும் உப்பு லேசில் வெளியேறாது. தகடுகள் உலைக்குப் போவது திங்கட்கிழமை.

எண்ணெயைத் துடைத்தாள். வலது கையுறையைக் கழற்றினாள். உளி வழுக்கிய பழைய தழும்பு குறுக்கே ஓடும் கட்டைவிரலைப் பறவையின் நெஞ்சில் வைத்து, அழைப்புமணியை அழுத்துவது போல அழுத்தினாள். பிறகு துணியை முன்பிருந்தபடியே மடித்து வைத்தாள்.

ஞாயிறன்று மாமியார் வீட்டில் சுட்ட இறைச்சியும் பொலெந்தாக் களியும் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அப்படியொரு பசி.

திங்கள் காலை நீவெஸ் கத்தினாள். உள்ளானின் நெஞ்சில் பழுப்புக் கறை.

“எண்ணெய் போடலையா?” என்று முதலாளி சீறினார்.

“போட்டேனே! என் கையாலதான் போட்டேன்!”

“தேய்ச்சு எடுக்க முடியாதா?”

“தேய்ச்சா துருவோட பறவையும் போயிடும். புள்ளி தலைமுடி ஆழம்கூட இல்ல.”

பாவுஸ்தினோ நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு செவரினா பக்கம் திரும்பினார். “வலது தகடும் நீயே புதுசா செதுக்கு. கண்காட்சிக்கு உன் பேர்லயே போகட்டும். நான் உலைக்காரனுக்கும் கண்காட்சிக்காரங்களுக்கும் போன் பண்ணிட்டு வரேன்.”

அவர் உள்ளே போனார். செவரினாவின் காதுமடல்கள் சூடேறின. எத்தனை வருடமாகக் காத்திருந்த சொல்! நாயின் காலடியில், புல்லுக்குள், தன் பெயரை எங்கே பொறிப்பது என்றுகூட மனம் இடம் பார்த்துவிட்டது.

நீவெஸ் தகட்டை லென்ஸுக்கு அடியில் வைத்து வெகுநேரம் குனிந்திருந்தாள்.

“செவரினா, இங்க வாடி.”

போனாள். குனிந்தாள். லென்ஸுக்குள் துரு வளையம் வளையமாகச் சுழித்திருந்தது. நடுவே, சாய்வாக, துருவே பிடிக்காத ஒரு கோடு பளபளத்தது.

“உளி வழுக்கி ரத்தம் கொட்டுச்சே, அன்னிக்கு உன் விரலைக் கட்டினது நான்தான்,” என்றாள் நீவெஸ். குரல் உயரவில்லை. “என் கைக்குட்டையால.”

உள்ளே பாவுஸ்தினோ போனில் செவரினாவின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அந்த வலது கிளவுஸக் கொஞ்சம் கழட்டேன்.”