மனசு வகுப்பில் கைதட்டல்

பிள்ளைகள் மனம்விட்டுப் பேசுவதற்கென்று இருக்கும் மனசு வகுப்பைக் கடைசி மணி நேரத்தில் வைத்த மகராசன் யாரோ, அவன் ஒரு நாளும் அந்த நேரத்தில் பாடம் எடுத்திருக்க மாட்டான். பிள்ளைகள் வாடி வதங்கி உட்கார்ந்திருக்கும். காலையிலிருந்து கத்தியதில் டீச்சருக்குத் தொண்டை கட்டியிருக்கும்.

அன்று அவளுக்கு ஒரே கவலைதான். ஜன்னலோரத்துக் கல்லுளி வாயைத் திறக்க வேண்டும். எதைக் கேட்டாலும் பதில் பேசாத பெண்ணுக்கு வகுப்பே வைத்த பெயர் அது. தன் கலைந்த தலையைப் பார்த்துச் சிரித்த ஒருவன்மேல் முந்தாநாள் தண்ணீர் பாட்டிலை வீசி, நெற்றியைப் பதம் பார்த்துவிட்டாள். ஏன் என்று கேட்டால் மூச்சு விடவில்லை.

"இன்னைக்குள்ள காரணம் தெரியணும் டீச்சர். இல்லேன்னா அந்தப் பொண்ணு இங்க படிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டார் தலைமையாசிரியர்.

மனசு வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. யார் எழுந்து மனதில் இருப்பதைச் சொன்னாலும் எல்லோரும் கை தட்ட வேண்டும். கூச்சம் போகட்டும் என்று டீச்சரே ஆரம்பித்து வைத்தது.

"எனக்குச் சந்தோஷமா இருக்கு, ஏன்னா இப்ப மணி அடிச்சிடும்" என்றான் முதல் பெஞ்சுக் குண்டுப் பையன். தட்டினார்கள்.

"எனக்கு எரிச்சலா இருக்கு, ஏன்னா இவன் பக்கத்துல உக்காந்திருக்கேன்" என்றாள் அடுத்தவள். அதற்கும் தட்டினார்கள்.

"நீ சொல்றியாம்மா?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக் கேட்டாள் டீச்சர். குரலில் நம்பிக்கை இல்லை.

கல்லுளி எழுந்தாள்.

"பயமா இருக்கு."

படபடவென்று கைதட்டல். பழக்கதோஷம், டீச்சரும் தட்டினாள். "சபாஷ்!" வேறு. பெண்ணின் முகம் சுருங்கிப் போயிற்று. உட்கார்ந்து மேஜைமேல் கவிழ்ந்துகொண்டாள்.

அடிப்பாவி, என்ன காரியம் செய்தேன் என்று டீச்சர் தன்னையே நொந்துகொண்டாள். பயமாக இருக்கிறது என்கிறது ஒரு குழந்தை, அதற்கா சபாஷ்? பயிற்சியில் கற்றுக்கொடுத்த ஆறுதல் பேச்சு எத்தனையோ இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு அசிங்கமா இருக்கு" என்றாள். "அசதில, நீ என்ன சொன்னேன்னு காதுல வாங்காமலே தட்டிட்டேன்மா."

குண்டு தட்டப் போய், கையை மடியில் வைத்துக்கொண்டான். மணி அடித்தது.

கவிழ்ந்த தலை நிமிராமலே பேசியது. "அம்மாதான் தலை பின்னி விடுவாங்க. ஆஸ்பத்திரில இருக்காங்க. எப்ப வருவாங்கன்னு கேட்டா அப்பா பேச மாட்டேங்கறாரு."

காரணம் கிடைத்துவிட்டது, போய்ச் சொன்னால் போதும். டீச்சருக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை.

பின் வரிசையிலிருந்து, நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டியவன் எழுந்து நின்றான்.

"எனக்குத் தெரியாது" என்றான். "தெரிஞ்சிருந்தா சிரிச்சிருக்க மாட்டேன்."

யாரும் கை தட்டவில்லை.