ஒத்திகை நெருப்பு

வெயிலைக் குவித்துப் பந்தத்தைப் பற்றவைக்கும் கண்ணாடி தயாராக இருந்தது. பந்தத்தைப் பிடித்தபடி எவ்தோக்ஸியாவும் தயார். சூரியன்தான் மேகத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

கிரீஸின் ஒலிம்பியாவில் ஒலிம்பிக் சுடர் ஏற்றும் இந்தச் சடங்கு ஆதிகாலத்தது என்று உலகமே நம்புகிறது. அதற்கு நூறு வயதுகூட ஆகவில்லை. இருந்தாலும் சூரியனிடமிருந்து நேராக நெருப்பை வாங்கும் அந்த ஒரு கணத்துக்காகப் பதினோரு வருடம் பின்வரிசையில் ஆடியவள் எவ்தோக்ஸியா. தலைமைப் பூசாரிணி வேஷம் அவளுக்கு இன்று ஒரு நாள்தான். அடுத்த முறை வேறொருத்தி.

பக்கத்தில் மண்சட்டியுடன் போலிக்ஸேனி நின்றாள். வெயில் ஏமாற்றினால் உதவட்டும் என்று நேற்றைய ஒத்திகையில் இதே கண்ணாடியால் சூரியனிடமிருந்து பிடித்த நெருப்பு அதில் எரிந்தது. பிடித்தவளும் அவள்தான். "ஒத்திகைதானே, நீயே பத்த வெச்சுக்கோ" என்று எச்சில் தட்டைத் தள்ளுவதுபோல் தள்ளிவிட்டு, தலை அலங்காரத்துக்காக டவுனுக்குப் போயிருந்தாள் எவ்தோக்ஸியா.

"அக்கா, சட்டி சுடுது. எவ்ளோ நேரம்?" உதடு அசையாமல் கிசுகிசுத்தாள் போலிக்ஸேனி.

"வாய மூடுடி. மேகம் விலகும்."

"விலகலேன்னா?"

"விலகும்னு சொன்னேன்ல!"

தூணுக்குப் பின்னாலிருந்து டான்ஸ் மாஸ்டர் ஆர்கிரிஸ் பல்லைக் கடித்தார். "போதும்மா! உலகமே டிவியில பாத்துட்டிருக்கு. சட்டியில பத்த வை!"

"ஒரே நிமிஷம் மாஸ்டர்..."

"ஒரு செகண்டு கிடையாது!"

ஓட முடியாது, அழ முடியாது, முகம் சுளிக்கக்கூட முடியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கேமரா. வேண்டாமென்று தள்ளியதையே இப்போது கைநீட்டி வாங்க வேண்டும். அவளுக்கு நெஞ்சு வெந்தது. பந்தத்தைச் சட்டியில் தாழ்த்தினாள். உடனே பற்றிக்கொண்டது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

முதல் ஓட்டக்காரர் சுடரோடு கிளம்பிப் போனதும் மைக்குகள் அவளைச் சூழ்ந்தன. "நெருப்பு கைக்கு வந்தப்ப எப்படி இருந்துச்சு மேடம்?"

சிவந்துபோன உள்ளங்கைகளை ஊதிக்கொண்டு போலிக்ஸேனி அருகிலேயே நின்றாள். அவள் பெயரைச் சொல்ல ஒரு மூச்சு போதும். எவ்தோக்ஸியாவுக்கு அது வரவில்லை.

"சூரியனே வந்து என் கையில உக்காந்த மாதிரி இருந்துச்சு," என்றாள்.

மைக்குகள் நகர்ந்தன. போலிக்ஸேனி அவளை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபமே இல்லை.

"ஆமாக்கா," என்றாள். "நேத்து எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."